மூடிய ஆலையின் வண்டியை வாங்குவோருக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதவடைத்துவிட்ட நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் பெருகி வருகிறது. மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் ஒரு காலத்தில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனவை. இன்று அவற்றுக்கு லட்ச ரூபாயைத் தாண்டியும் விலை கேட்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இத்தகைய வண்டியை வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் என்னிடம் யோசனை கேட்டு வருவோர் பலர். அவர்களுக்கு நான் சொல்வதையும், அவர்கள் சார்பில் அரசிடம் கேட்க வேண்டியதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். ஒரு வாகன நிறுவனம் மூடப்படும்போது அதன் நிலம், கட்டடம், இயந்திரங்கள், வணிகப் பெயர் என அனைத்துக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் அதன் வண்டிகளுக்கு எந்த வழியும் வைக்கவில்லை என்பதே என் முறையீடு.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1961இல் மைசூருவில் உற்பத்தி தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1978இல் யெஸ்டியின் ரோட்கிங் மாடல் வந்தது. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவையும் இறங்கியபோது, பெட்ரோலை அதிகம் குடிக்கும் 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியால் அவற்றோடு போட்டியிட முடியவில்லை. தொழிலாளர் பிணக்குகளும் 1990களில் இறுகிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் சேர்ந்துகொள்ள, 1996இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டு, சொத்துகள், அவற்றை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் அதிகாரபூர்வக் கலைப்பாளரின் பொறுப்புக்குச் சென்றன.

ஆலை மூடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால், அதற்கு நிறுவனமோ அரசோ காரணமில்லை. வண்டியின் எளிமையும், பட்டறைக்காரர்களின் கைத்திறனுமே காரணம். 65 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட ஒற்றை சிலிண்டர். வால்வு இல்லை, கேம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. கிக் அடிக்கும் லீவரே முன்னுக்கு மடங்கி கியர் லீவராகவும் வேலை செய்யும். கியரை மிதிக்கும்போது கிளட்ச் தானாகவே விடுபடும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அடிப்படைக் கருவிகளைக் கொண்டே இந்த எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடுவார். கிடைக்காத புஷ்ஷை (தண்டைத் தாங்கும் உலோக வளையத்தை) லேத்தில் கடைந்து கொடுக்கக் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் ஆள் உண்டு. பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை உண்டு. ஜாவா பிறந்த செக் நாட்டிலிருந்தும் சில மாடல்களுக்கான பாகங்களை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் ஓர் ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் வேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்துவிட்டால் கிராங்கை பிரஸ்ஸில் வைத்து இரண்டாகப் பிரித்து, புதிய ராடும் பின்னும் போட்டு, மறுபடி அழுத்திச் சேர்க்க வேண்டும். பிறகு அதை இரு முனைகளுக்கிடையே நிறுத்தி, கோணலை அளக்கும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சுழற்றி, முள் எந்த இடத்தில் துள்ளுகிறதோ அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேர்செய்ய வேண்டும். எவ்வளவு பலத்தில் எந்தப் பக்கம் தட்டுவது என்பதைக் கையின் பழக்கம்தான் சொல்லும். இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அனுமதிக்கப்பட்ட கோணல் எவ்வளவு, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி எவ்வளவு, கியர்ப் பல்லுக்கு எந்த வகை எஃகு, எந்த அளவு பதப்படுத்தல் ஆகிய விவரங்கள் எல்லாம் ஆலையின் வரைபடங்களில் இருந்தவை. இன்றைய பட்டறைக்காரரோ தேய்ந்துபோன பழைய பாகத்தை அளந்து புதியதைச் செய்கிறார். தேய்ந்த பாகத்தின் அளவு தேய்ந்த அளவுதான் என்பதால், புதுப் பாகம் சில மாதங்களிலேயே சத்தம் போடத் தொடங்குகிறது. சந்தையில் மின்னும் பெட்டிகளில் வரும் மாற்றுப் பாகங்களும் பெரும்பாலும் இப்படி அளந்து செய்தவையே.

ஆகவே வாங்க நினைப்போர் குரோமியப் பளபளப்பையும் புதுப் பெயின்ட்டையும் பார்த்து மயங்காமல், முதலில் காகிதங்களைப் பார்க்க வேண்டும். உடைந்த எஞ்சினைச் செலவு செய்து சரிசெய்துவிடலாம். பதிவுச் சான்றிதழ் கோளாறாக இருந்தால் சரிசெய்வது மிகக் கடினம். என்னிடம் பயின்ற ஒருவர் கண்ணைப் பறிக்கும் ரோட்கிங் ஒன்றை ஒரு பழைய வாகன வியாபாரியிடம் வாங்கி வந்தார். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது, எண்களைச் சுற்றி மெல்லிய குறுக்குக் கோடுகள் தாளில் எழுந்தன. கிரைண்டரால் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்திய எண் அது. இரண்டு இலக்கங்கள் மற்றவற்றைவிடச் சற்றே சாய்ந்தும் இருந்தன. பெயின்ட் அடித்த நிலையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த வண்டியை அவர் தம் பெயருக்கு மாற்றவும் முடியவில்லை, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவும் முடியவில்லை. இயங்கும் நிறுவனத்தின் வண்டியாக இருந்தால், எந்த எண் எந்த ஆண்டு எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதிக் கேட்கலாம். மூடிய ஆலையின் பதிவேட்டை யாரிடம் போய்க் கேட்பது?

இந்த வண்டிகள் பலவும் கர்நாடகப் பதிவெண் கொண்டவை. அவற்றைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி இங்கே புதிய பதிவெண் பெற்றாக வேண்டும். அதற்கு முதல் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் இங்குச் செலுத்தும் சாலை வரியும் தேவை. 15 ஆண்டுகள் முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வாகனங்களுக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025இல் அது 2000 ரூபாயாக்கப்பட்டது. மூடிய ஆலையின் யெஸ்டி ஒவ்வொன்றும் இந்தக் கடைசி வகையில்தான் வரும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகள், சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. 1960களின் ஜாவாவுக்கு இது பொருந்தும். 1978க்குப் பின் வந்த ரோட்கிங்குக்கு இன்னும் காலம் கனியவில்லை. தொன்மை வாகனம் என்று சொல்லி ரோட்கிங்கை விற்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

காப்பீட்டையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கும் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பு அட்டவணைப்படி வராது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே முறை. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் மதிப்பு போட்டுத் தருவதும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் தருவோம் என்று திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

வாங்குவோரிடம் பரவலாக உள்ள இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018இல் ஜாவா பெயரையும் 2022 ஜனவரியில் யெஸ்டி பெயரையும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் திரும்பிவிட்டதால் பழைய வண்டிக்கும் பாகம் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புதிய யெஸ்டியின் எஞ்சின் 334 சிசி, ஃபோர்-ஸ்ட்ரோக், நீரால் குளிர்விக்கப்படுவது. பழைய டூ-ஸ்ட்ரோக்குக்கும் அதற்கும் பெட்ரோல் டேங்க்கில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர உறவு ஏதும் இல்லை. அந்தப் பெயருக்கே கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கு நடந்தது. யெஸ்டி என்ற வணிகக்குறி கலைப்பில் உள்ள ஐடியல் ஜாவாவுக்கே உரியது என்று 2022 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அது மேல்முறையீட்டுக்கும் சென்றது. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதற்கு வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கடன் கொடுத்தவர்களின் பங்கைக் காக்க அது தேவையான வழக்குதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலையின் வரைபடங்களும் பாகப் பட்டியலும் இந்த வண்டிகளை வைத்திருப்போர் கைக்கு வர வேண்டும் என்று வாதாட யாருக்கும் சட்டம் ஓர் இடத்தைத் தரவில்லை.

வரைபடமும் அச்சும் இன்னொருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. புல்லட்டின் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் 1957இல் இங்கே விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாராயிற்று. ரெட்டிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் அந்த நிறுவனமே இல்லாமல் போனது. ஆனால் புல்லட் நிற்கவில்லை. 1977 முதல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. மூடிய ஆலையின் வண்டியை வைத்திருந்த ஆங்கிலேயருக்குத் திருவொற்றியூர் வழியாகப் பாகம் கிடைத்தது. ரெட்டிட்சுக்கு இருந்தது போன்ற வாரிசு மைசூருவுக்கு வாய்க்கவில்லை.

கான்பூரின் எல்எம்எல் நிறுவனத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். 2018இல் அது கலைப்புக்குச் சென்றது. அதன் ஸ்கூட்டர்கள் வெஸ்பா வடிவமைப்பில் வந்தவை என்பதால், வெஸ்பாவுக்குப் பாகம் செய்யும் பலரால் அவை இன்றும் ஓடுகின்றன. அதே நிறுவனத்தின் ஃப்ரீடம் மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர்கள் ஒரு சிறு பாகத்துக்குக்கூட ஊர் ஊராக அலைகிறார்கள்.

பழைய வண்டிகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. இனி மூடப்படப்போகும் நிறுவனங்களின் வண்டிகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் மின் இருசக்கர வாகனங்களின் உற்பத்தி மையமாக வளர்ந்திருப்பது நமக்குப் பெருமை. நாடெங்கும் இத்தொழிலில் சிறிதும் பெரிதுமாகப் பல நிறுவனங்கள் இறங்கியிருக்கின்றன. அத்தனையும் நிலைத்திருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. யெஸ்டியின் புஷ்ஷை லேத்தில் கடையலாம். மின் வண்டியின் பேட்டரியை ஆளும் மென்பொருளை எந்த லேத்தில் கடைவது? பேட்டரியை மாற்றினால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் அதை ஏற்க வேண்டும். அதற்கான மின்னணுத் திறவுக்குறி நிறுவனத்திடம் இருக்கும். சில வண்டிகளின் வசதிகள் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே இயங்குகின்றன. நெதர்லாந்தின் வான்மூஃப் மின் சைக்கிள் நிறுவனம் 2023 ஜூலையில் திவாலானபோது, செயலியும் சர்வரும் நின்றுபோனால் தங்கள் சைக்கிளின் பூட்டைத் திறக்க முடியாமல் போகுமோ என்று அதை வைத்திருந்தோர் அஞ்சினர். போட்டி நிறுவனம் ஒன்று அந்தத் திறவுக்குறிகளைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ள ஒரு செயலியைச் செய்து கொடுத்தது. உலக மின் பைக் பந்தயங்களுக்கே வண்டி கொடுத்த இத்தாலியின் எனர்ஜிகா நிறுவனமும் 2024 அக்டோபரில் கலைப்பு நிலைக்குச் சென்றது. பணக்கார நாடுகளின் வாடிக்கையாளருக்கே இந்தக் கதி என்றால், மாதத் தவணையில் வண்டி வாங்கி அதிலேயே உணவு விநியோகம் செய்து பிழைக்கும் நம் இளைஞர் என்ன செய்வார்? நிறுவனம் மூடியதற்காக வங்கி தவணையை நிறுத்தாது.

இன்றைய சட்டங்களில் இவருக்கு இடம் எங்கே இருக்கிறது? நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016இன் கீழ் நடவடிக்கை தொடங்கியதும் நிறுவனத்தின்மீது வழக்குகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. சொத்துகளை விற்று வரும் பணத்தில் நடைமுறைச் செலவு, பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர், தொழிலாளர் நிலுவை, அரசு நிலுவை எனப் பங்கு போனபின், வரிசையின் கடைசிப் பகுதியில்தான் முன்பணம் கட்டியவரும் உத்தரவாதம் பெற்றவரும் வருகிறார்கள். தொழிலாளர் நிலுவைக்கு முன்னுரிமை தருவது நியாயமே. அதை யாரும் தொடக் கூடாது. ஆனால் வண்டிக்காரர் கேட்பது பணத்தில் பங்கு அல்ல. வண்டியை ஓடவைப்பதற்கான விவரத்தைத்தான் கேட்கிறார். அதைக் கொடுப்பதால் கடன் கொடுத்த எவரின் பங்கும் பெரிதாகக் குறைந்துவிடப் போவதில்லை.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் 2019 திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிறுவனமே இல்லாதபோது அந்த ஆணையை யாருக்கு அனுப்புவது? இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் 2020 ஜனவரியில் நொடித்து, அதே ஏப்ரலில் நம் டிவிஎஸ் நிறுவனம் 1.6 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. முந்தைய நிர்வாகம் விற்ற வி4 வண்டிகளை ஆராய்ந்த புதிய நிர்வாகம், அவற்றில் 30க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள் இருப்பதை 2021இல் வெளிப்படுத்தி, அவற்றை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. வாங்க ஆள் இருந்ததால் அந்த உண்மை வெளிவந்தது. ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த வண்டிகள் அதே குறைகளோடு சாலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

நான் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றல்ல. எந்தப் புதிய வாகன மாடலும் விற்பனைக்கு வருமுன் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பிடம் ஒப்புதல் பெற்றாக வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. சென்னையை அடுத்த ஒரகடத்திலும் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இயங்குகிறது. அந்த ஒப்புதலின்போதே பாக வரைபடங்கள், உலோக விவரங்கள், மின்னிணைப்புப் படம், பழுதுபார்ப்புக் கையேடு ஆகியவற்றின் முழுத் தொகுப்பை முத்திரையிட்டுச் சோதனை அமைப்பிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். மின் வாகனமானால் பேட்டரி மேலாண்மை மென்பொருளும் திறவுக்குறிகளும் அத்தொகுப்பில் சேர வேண்டும். நிறுவனம் இயங்கும்வரை அதை யாரும் திறக்கத் தேவையில்லை. தொழில் இரகசியம் காக்கப்படும். கலைப்பு ஆணை பிறந்து, அத்தொழிலை எடுத்து நடத்த எவரும் முன்வராத நிலையில், அது பொதுவில் வைக்கப்பட வேண்டும். சேஸிஸ், எஞ்சின் எண்களின் விற்பனைப் பதிவேட்டைக் கலைப்பாளர் போக்குவரத்துத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதன் வரம்பில் உள்ளன. அந்த முயற்சி இயங்கும் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் விவரங்களோடு நின்றுவிடாமல், மூடிய நிறுவனங்களையும் சட்டபூர்வமாக உள்ளடக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. மின் வாகன நிறுவனங்களுக்கு மாநில அரசு நிலமும் சலுகைகளும் வழங்குகிறது. அந்த ஒப்பந்தங்களில், நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளையும் பாக விவரங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில், ஓய்வுபெறும் வயதில் உள்ள பட்டறை மெக்கானிக்குகளை வருகைப் பயிற்றுநராக அழைத்து, கிராங்க் நேராக்கல் போன்ற வேலைகளை மாணவருக்குக் கற்பிக்கவும் படமெடுத்து வைக்கவும் செய்யலாம். பழைய வண்டிகளைப் பரிசோதித்து எண்களின் நம்பகத்தன்மைக்கு முன்சான்று அளிக்கும் வசதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் நியாயமான கட்டணத்தில் ஏற்படுத்தினால், வாங்கியபின் ஏமாற்றம் தெரியவந்து பணத்தை இழப்போர் பெருமளவு குறைவார்கள். போக்குவரத்துத் துறை அமைச்சரும் தொழில்துறை அமைச்சரும் இக்கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்,
சேலம்.